இரண்டாம் வெந்நீர்

லண்டனுக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது பனியும் அல்ல, பூமிக்கடியில் ஓடுகிற ரயிலும் அல்ல. மருந்துக்கடையில் பெண்கள் படுகிற வெட்கம். நான் தங்கியிருக்கும் தெருவின் முனையில் ஒரு கெமிஸ்ட் கடை இருக்கிறது. சோப்போ பற்பொடியோ வாங்கப் போனால், யாராவது ஒரு அம்மாள் அலமாரியைப் பார்த்தபடி ஓரமாக நிற்பாள். கடையில் ஆள் குறைந்ததும் மேஜைமேல் குனிந்து கடைக்காரரிடம் காதோடு காதாக ஏதோ சொல்வாள். அவர் முகத்தில் ஒரு மாறுதலும் காட்டாமல் உள்ளே போய், ஒரு குப்பியைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டுவார். அவள் அதைக் கைப்பையின் அடியில் புதைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விடுவாள். நான் நர்ஸ். வெளியே சொல்லக் கூசுகிற வியாதி ஏதோ என்று எண்ணி நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு நாள் அப்படிப்பட்ட பொட்டலம் ஒன்று கைதவறி விழுந்து உடைந்தது. கடை முழுக்க மண்ணெண்ணெய் வாடை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடக் கடவுளே, மூட்டைப்பூச்சி மருந்து!

இதற்குப் போயா இத்தனை ரகசியம்? தென்காசிக் கடைத்தெருவில் இந்தக் கோடியில் நிற்கிற பெண் அந்தக் கோடியில் போகிறவளைக் கூப்பிட்டு, "ஏட்டி மாரி, உங்க வீட்டுலயும் மூட்டை வந்துட்டாம்லா? உறங்குதியா இல்லையா?" என்று கேட்பாள். "அதையேன் கேக்கே, நாலு கட்டிலையும் வெளியில தூக்கிப் போட்டாச்சு!" என்று அவள் பதில் கத்துவாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். நமக்கு அது கொசு மாதிரி, கோடை வெயில் மாதிரி ஒரு தொல்லை. இங்கேயோ அது குடும்ப மானம். மூட்டைப்பூச்சி இருக்கிற வீடு அழுக்கு வீடு, அங்கே இருப்பவர்கள் அழுக்கு மனிதர்கள் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் வாயைத் திறந்ததால்தான், வந்த ஒரு மாதத்துக்குள் என்னைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள்.

என் பெயர் பாக்கியம். தென்காசிக்காரி. நம் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஐந்து வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, பிரசவம் பார்க்கும் படிப்புக்காக ஒன்பது மாதத்துக்கு இங்கே அனுப்பப்பட்டவள். நான் குடியிருப்பது மிஸஸ் பெல் என்ற விதவை அம்மாளின் வீட்டு மாடியறையில். அவள் ஐம்பது வயதுக்காரி, ஒல்லி. வாசற்படியைத் தினமும் முழங்கால் போட்டுத் தேய்ப்பவள். நான் வந்து இருபத்து மூன்றாம் நாள் காலையில், ரொட்டி தின்று கொண்டிருந்த என் முன்னால் ஒரு கைக்குட்டையை விரித்தாள். நடுவில் ஒரு மூட்டைப்பூச்சி.

"உங்கள் படுக்கையில் இருந்தது, மிஸ் பாக்கியம்" என்றாள்.

நம் ஊரில் ஒருவர் மூட்டைப்பூச்சியைக் காட்டினால் நாம் என்ன செய்வோம்? குனிந்து பார்த்து அபிப்பிராயம் சொல்வோம். நானும் அதைத்தான் செய்தேன். "பெண் பூச்சி, மிஸஸ் பெல். வயிற்று முனை உருண்டையாக இருக்கிறது பாருங்கள். நன்றாகக் குடித்திருக்கிறது. இனி முட்டை வைக்கும்" என்று, தெரிந்த ஆளைப் பற்றிச் சொல்வது போல உற்சாகமாகச் சொன்னேன். அவள் ஓர் அடி பின்வாங்கினாள். "அப்படியானால் இது உங்களுடையதுதான்!" என்றாள். இல்லை, இவற்றைப் பற்றி எனக்குத் தெரியும் என்று மட்டும்தான் சொன்னேன் என்று விளக்கினேன். விளக்க விளக்க அவள் முகம் இறுகியது. மதியத்துக்குள் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸான மேட்ரனுக்குக் கடிதம் போய்விட்டது. இந்தியாவிலிருந்து வந்த பெண் தன் மூட்டை முடிச்சோடு பூச்சியையும் கொண்டுவந்து ஒரு கௌரவமான வீட்டைக் கெடுத்துவிட்டாள் என்று.

மறுநாளே என்னைப் பிரசவ வார்டுக்குள் விடவில்லை. பச்சைப் பிள்ளைகள் இருக்கிற இடம். அதில் நியாயம் உண்டு. திங்கட்கிழமை மேட்ரன் என்னை விசாரிப்பார், பூச்சி என்னோடு வந்தது என்று தீர்மானமானால் அடுத்த கப்பல், கையில் சான்றிதழ் கிடையாது என்று எழுத்தர் சொன்னாள். பயந்தேன். ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருட்டுப் பட்டம் கட்டியிருந்தால்கூட அழுதிருப்பேன், அவ்வளவுதான். மூட்டைப்பூச்சி விஷயத்தில், அக்காள் ஞானத்தின் தங்கச்சியான என்னைக் குற்றம் சொல்வதா? குற்றாலத்தில் அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு என்று இந்த மிஸஸ் பெல்லுக்கு எப்படித் தெரியும்?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அப்பாவுக்குக் கட்டில் வாடகைத் தொழில். ஆனியில் சாரல் தொடங்கிவிட்டால் திருநெல்வேலி, மதுரையிலிருந்தெல்லாம் வக்கீல்களும் மிராசுதார்களும் குடும்பத்தோடு குற்றாலம் வந்து வீடு பிடிப்பார்கள். வீடு கிடைக்கும், கட்டில் இருக்காது. முப்பது கயிற்றுக் கட்டில்களைத் தென்காசியிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நாங்கள் வாடகைக்கு விடுவோம். ஆவணி முடிந்ததும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் போய்விடுவார்கள், கட்டில்கள் எங்கள் வீட்டுக்குத் திரும்பும். ஊர் ஊராக ஆட்கள் படுத்து எழுந்த கட்டிலில் மூட்டைப்பூச்சி வராமல் என்ன செய்யும்? ஒரு வருஷம் அளவுக்கு மீறிப் போய்விட்டது. ஒரு வக்கீல் வீட்டு வேலையாள் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் தொப்பென்று போட்டுவிட்டுப் போனான்.

அப்போதுதான் அப்பா, குற்றாலத்துக்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய அந்த யோசனையைச் சொன்னார். "குத்தாலத் தண்ணியில கிறுக்கே தெளியுது. இந்த மூட்டைக்குத் தெளியாதா?" என்றார். நம் அருவிமேல் நமக்குள்ள நம்பிக்கை அப்படி. எங்கெங்கிருந்தோ சித்தம் கலங்கியவர்களைக் கூட்டி வந்து அருவியில் நிறுத்துகிறவர்கள் நாம். என் அக்காள் ஞானம் மட்டும், "அப்பா, இது கிறுக்கு இல்ல, பூச்சி" என்றாள். அம்மா இறந்த பிறகு வீட்டில் மறுத்துப் பேசுகிற உரிமை அவளுக்கு மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு அதுவும் எடுபடவில்லை. விடியற்காலையில் குளிக்கிற கூட்டம் வருமுன் கட்டில்களை ஒவ்வொன்றாக அருவியின் ஓரத்தில் நிறுத்தினார். மிச்சத்தைக் கீழே ஆற்றில் போட்டுக் கல்லை ஏற்றி வைத்தார். மூன்று நாள். பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் அவரவர் வீட்டுக் கட்டிலையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

தண்ணீரில் ஊறின மரம் பருத்தது. பொருத்துகள் இறுகின. அந்தப் பொருத்துக்குள்ளே இருந்த பூச்சிகளுக்கு அதைவிட நல்ல கோட்டை கிடையாது. முட்டையோ பசை போட்டு ஒட்டியது மாதிரி மரத்தோடு ஒட்டியிருப்பது. அருவி என்ன, சமுத்திரமே வந்தாலும் கழுவிக்கொண்டு போகாது. சாரல் நேரத்தில் காயவைக்க வெயிலும் இல்லை. ஈரம் காய்ந்தும் காயாமலும் கட்டில்களை மறுபடி வாடகைக்கு விட்டோம். நாலாம் நாள் முப்பது கட்டிலும் ஊர்வலமாகத் திரும்பி வந்தன. அப்பா அன்றோடு யாரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டார். அவரை அப்படிப் பார்த்தது எங்கள் இருவருக்கும் பொறுக்கவில்லை.

"ஏட்டி பாக்கியம், சண்டை போடுதவன் யாருன்னு தெரியாம எப்படி அடிக்க முடியும்? மொதல்ல இவன் எப்படிப் பொறக்கான், எப்படி வளருதான்னு பாப்போம்" என்றாள் அக்காள். ஊறுகாய் போடுகிற கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்தோம். மடித்த காகிதத்தை உள்ளே நிறுத்தி, ஆறு பெரிய பூச்சிகளைப் பிடித்துப் போட்டு, வாயை மல் துணியால் கட்டினோம். அதுகளுக்குச் சோறு வேண்டுமே? குப்பியைக் கவிழ்த்துத் துணி படும்படி எங்கள் கெண்டைக்காலில் வைத்துக்கொண்டோம். ஒரு நாள் அவள் கால், மறுமுறை என் கால். கொசுவில் பெண் மட்டும்தான் கடிக்கும். இந்தச் சாதியில் ஆணும் கடிக்கும், பெண்ணும் கடிக்கும், குஞ்சும் கடிக்கும். கடிக்கும்போது வலிக்காது, அப்புறம்தான் அரிக்கும். அப்பா பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேத்தையும்தான் அருவியில நிறுத்தணும்" என்றார். கட்டில்கள் திரும்பி வந்த பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது.

குப்பியில் நாங்கள் கண்டதை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பெண் பூச்சி தினம் இரண்டு மூன்றாக முட்டை வைத்தது. ரவையில் பாதி அளவு, வெள்ளை, ஒரு முனையில் மூடி. ஆறேழு நாளில் மூடி திறந்தது. குளிரான நாளென்றால் பத்து. வெளியே வந்த குஞ்சு கண்ணுக்கே தெரியாத வெளிர் நிறம். ஒரு முறை குடித்ததும் உடம்பு முழுக்கச் சிவப்பாகி, பிறகு கறுத்து, சட்டையை உரித்தது. மறுபடி குடித்தது, மறுபடி உரித்தது. ஐந்து சட்டை. ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு வயிறு ரத்தம். ஐந்தாவதை உரித்த பிறகுதான் அது பெரிய பூச்சி, அதன் பிறகுதான் முட்டை. முட்டையிலிருந்து அதுவரை எங்கள் ஊர்ச் சூட்டில் ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. சிறகு முளைக்கவேயில்லை, தோளில் இரண்டு சிறு தகடு மட்டும். இன்னொரு குப்பியை ஆடியில் கட்டி, ஒன்றும் கொடுக்காமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தோம். கார்த்திகையில் எடுத்துப் பார்த்தால், காகிதம் போலத் தட்டையாகிப் போன ஒரு கிழம் காலை அசைத்தது. பூட்டிப் போட்ட வீட்டில் மூட்டை பட்டினியால் செத்துவிடும் என்று நினைக்கிற குற்றாலத்து வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு அக்காள் சொன்னது ஒரே வாக்கியம்: "ஒரு வெந்நி பத்தாது." எல்லாரும் ஒரு முறை கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். பெரிய பூச்சி சாகும். பொருத்தின் ஆழத்தில், வெந்நீர் ஆறிப்போய்ச் சேருகிற இடத்தில் இருக்கிற முட்டை பிழைத்துக்கொள்ளும். அதனால் பத்து நாள் பொறுக்க வேண்டும். முட்டையெல்லாம் பொரிய வேண்டும். பொரிந்தது ஒன்றும் முட்டை வைக்கிற வயதை எட்டியிருக்கக் கூடாது. அந்த இடைவெளியில் இரண்டாம் வெந்நீர். "சாரலே மூணு மாசம். பத்து நாளு கட்டில் சும்மா கெடந்தா எப்படிட்டி?" என்று அப்பா கத்தினார். அக்காள் அசையவில்லை. அடுத்த சாரலில் எங்கள் கட்டிலில் ஒரு கடி இல்லை. அதற்கடுத்த சாரலில் வருகிறவர்கள், "ரெண்டு வெந்நீர் கண்ட கட்டிலா? ஞானம் கட்டிலா?" என்று கேட்டு வாங்கினார்கள். இந்தப் பெருமையோடு வளர்ந்த எனக்கு, ஒரு கைக்குட்டையை விரித்து நீதான் கொண்டுவந்தாய் என்றால் எப்படி இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை மிஸஸ் பெல் கோயிலுக்குப் போனதும் கொண்டை ஊசியை எடுத்தேன். இங்கே சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதில்லை; பூப்போட்ட காகிதம் ஒட்டுகிறார்கள். என் கட்டிலின் தலைமாட்டில் அந்தக் காகிதத்தின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. ஊசியை விட்டு நெம்பினேன். உள்ளே மை தெறித்தது மாதிரி கறுப்புப் புள்ளிகள். மூடி திறந்த முட்டை ஓடுகள். உரித்துப் போட்ட சட்டைகள், சிறிது முதல் பெரிது வரை ஐந்து அளவிலும். அந்தக் காகிதத்துக்குக் கீழே அதைவிடப் பழைய காகிதம் ஒன்று இருந்தது. இரண்டு காகிதத்துக்கும் நடுவிலே, பசையோடு பசையாக அமுங்கிப் போய், இன்னும் பல சட்டைகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் வெட்டி எடுத்து ஒரு ஜாம் குப்பியில் போட்டு இறுக மூடினேன். உயிரோடு இரண்டு பூச்சிகளும் கிடைத்தன.

திங்கட்கிழமை மேட்ரனின் மேஜைமேல் குப்பியை வைத்தேன். உயரமான, அதிகம் பேசாத அம்மாள். நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டு, "சொல்" என்றார். நான் சொன்னேன். "மேடம், எங்கள் ஊர்ச் சூட்டிலேயே இது முழுப் பூச்சியாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நெருப்பு மூட்டாத என் அறையில் பல மாதம் ஆகும். நான் வந்து இன்றைக்கு இருபத்தேழு நாள். இந்தச் சட்டைகளை உரித்துப் போட்டது யார்? அது போகட்டும். இந்தக் காகிதத்தை ஒட்டும்போது நான் தென்காசியில் இருந்தேன். காகிதத்துக்குக் கீழே என் பூச்சி எப்படிப் போயிற்று?" அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "தவிரவும் இது எங்கள் ஊர்ப் பூச்சியே இல்லை. எங்களுடையதற்குக் கழுத்தை ஒட்டிய பாகம் குறுகல். இதற்குத் தோள் அகலம்" என்றேன்.

மேட்ரன் ஆளை அனுப்பி ஒரு தடித்த புத்தகத்தை வரவழைத்தார். பக்கத்தைத் திருப்பி, படத்தைப் பார்த்து, பூதக்கண்ணாடியால் குப்பியைப் பார்த்தார். உஷ்ண தேசத்து இனம் ஒன்று, குளிர் தேசத்து இனம் ஒன்று என்று அதில் போட்டிருந்தது. குப்பியில் இருந்தவை அச்சு அசல் இங்கிலாந்துப் பிரஜைகள். "இதை எங்கே படித்தாய்?" என்று கேட்டார். "குற்றாலத்தில், மேடம்" என்றேன். எழுத்துக்கூட்டச் சொல்லி ஒரு தாளில் குறித்துக்கொண்டார். ஏதோ கல்லூரி என்று நினைத்திருக்க வேண்டும், நான் திருத்தவில்லை. அந்தப் புத்தகத்தைப் பிறகு நானும் வாங்கிப் படித்தேன். ஆண் பூச்சி பெண்ணின் வயிற்றைக் குத்திக் கிழித்துத்தான் கூடுமாம். அந்தக் காயத்தோடுதான் அவள் முட்டை வைப்பாளாம். குப்பியில் பெண் பூச்சிகள் மூலைக்கு மூலை ஏன் ஓடின என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிரசவ வார்டில் வேலை செய்கிற எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இல்லை.

மறுநாள் முதல் வார்டுக்கு வரலாம், ஆஸ்பத்திரியிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்றார் மேட்ரன். பிறகு கேட்டார்: "நகரசபைக்கு எழுதவா? அவர்கள் வண்டியோடு வந்து வீட்டை மூடி விஷப்புகை போடுவார்கள்." முடிவை என் கையில் கொடுத்தது அவருடைய பெரிய மனது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன்.

மிஸஸ் பெல் சமையலறையில் காத்திருந்தாள். நான் காகிதத் துண்டை மேஜைமேல் வைத்தேன். இரண்டு காகிதம், நடுவே சட்டைகள். அவள் அதைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "வண்டி வருமா?" என்று மட்டும் கேட்டாள். எதிர்வீட்டுக்கு ஒரு முறை அந்த வண்டி வந்ததாம். தெரு முழுக்கத் திரைச்சீலையை விலக்கிப் பார்த்ததாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவர்கூட ஒரு வாய் டீ குடிக்கவில்லையாம். "புருஷன் செத்த வருஷம் நானேதான் அந்தக் காகிதத்தை ஒட்டினேன். மூடிவிட்டால் செத்துப்போகும் என்று நினைத்தேன். நீங்கள் வந்ததும்... நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர். எல்லாரும் நம்புவார்கள் என்று தோன்றியது" என்றாள். உண்மையைச் சொன்னதற்காக அவளை மெச்சலாம். எனக்கு அப்போது மெச்சத் தோன்றவில்லை. கன்னத்தில் அறையத் தோன்றியது. அவள் தன் மானத்தைக் காக்க என் பிழைப்பைத் தின்னப் பார்த்தவள்.

பிறகு ஏன் உதவினாய் என்று அக்காளும் கடிதத்தில் கேட்டாள். இரக்கம் என்று எழுதினால் பொய். கர்வம்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக, வண்டி கொண்டுவந்து வீட்டையே மூடுகிறார்களாம். இரண்டு வெந்நீரில் முடிகிற காரியம். அதை லண்டனில் செய்து காட்ட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. "வெந்நீர் போடுங்கள் மிஸஸ் பெல், நிறையப் போடுங்கள்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கெட்டிலை ஏற்றி, இரண்டு கோப்பையில் டீ போட்டு ஒன்றை என் முன்னால் வைத்தாள். இந்த நாட்டில் துக்கத்துக்கும் சமாதானத்துக்கும் அதுதான் வழி என்று எனக்கு அப்போது தெரியாது. குடித்துவிட்டு, வெந்நீர் எதற்கு என்று விளக்கினேன்.

மறுநாள் மேட்ரனிடம், நகரசபைக்கு எழுதுமுன் ஒரு மாதத் தவணை கேட்டேன், கொடுத்தார். ஓய்வு நாள் வந்ததும் காகிதத்தை முழுக்க உரித்து அடுப்பில் போட்டோம். இரும்புக் கட்டிலின் திருகுகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் கொதிநீர் விட்டோம். சுவரின் அடிப்பலகை இடுக்கில் கோழி இறகால் மண்ணெண்ணெய் தடவினோம். சாயங்காலம், "இனிமேல் இந்த அறையில் இரவும் பகலும் கணப்பு எரியட்டும்" என்றேன். மிஸஸ் பெல் உடனே, "பாவம், உங்களுக்குக் குளிரும். உஷ்ண தேசத்துக்காரர்" என்றாள். "எனக்கில்லை, முட்டைக்கு" என்றேன். அவளுக்கு மயக்கமே வந்துவிட்டது. குளிரில் முட்டை பொரியாமல் மாதக்கணக்கில் தூங்கும். நாம் என்றைக்கு இரண்டாம் வெந்நீர் ஊற்றுவது? சூடு காட்டினால் நம் ஊர்க் கணக்குக்கு வந்துவிடும். மூட்டைக் குஞ்சு பிறக்க நிலக்கரி எரித்த முதல் ஆங்கிலேய அம்மாள் அவளாகத்தான் இருப்பாள். இந்த ஊர்க் குளிருக்காக நாலு நாள் கூட்டி, பதினான்காம் நாள் இரண்டாம் வெந்நீர் ஊற்றினோம். இடுக்கிலிருந்து ஊசிமுனை அளவு குஞ்சுகள் நாலைந்து மிதந்து வந்தன. அவள் பூதக்கண்ணாடியில் அவற்றைப் பார்த்துவிட்டு, "நீங்கள் சொன்னபடியே" என்றாள். அந்த வார்த்தைக்காக நான் இன்னும் பத்துக் கெட்டில் சுமந்திருப்பேன்.

பூச்சி இல்லை என்று நிரூபிக்க ஒரே வழிதான் உண்டு. அந்தக் கட்டிலில் யாராவது படுக்க வேண்டும். குற்றாலத்தில் கட்டிலை வாடகைக்கு அனுப்புமுன் அக்காளோ நானோ அதில் ஓர் இரவு படுத்துப் பார்ப்போம். காலையில் உடம்பில் தடிப்பு இல்லையென்றால்தான் கட்டில் வண்டி ஏறும். அதையே இங்கும் செய்தேன். என் கட்டிலில் ஒரு வாரம். பிறகு மிஸஸ் பெல்லின் கட்டிலிலும் படுத்தாக வேண்டும் என்றேன். அவள் தயங்கினாள். கறுப்புப் பெண் தன் கட்டிலில் படுப்பது என்பது அவள் கனவிலும் நினைக்காத காரியம். ஆனாலும் விரிப்பை மாற்றிக் கொடுத்தாள். காலையில் நான் கையை நீட்டினேன். அவள் ஜன்னலோரம் என்னை நிறுத்தி, மணிக்கட்டிலிருந்து தோள்வரை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். இந்த நாட்டுக்கு வந்து, வார்டுக்கு வெளியே, சாமான் கொடுக்கும்போது விரல் பட்டதைத் தவிர, ஒருவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "ஒன்றுமில்லை" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, என் கண்ணும்தான்.

அதற்குப் பிறகு கெமிஸ்ட் கடையில் முணுமுணுக்கிற அம்மாள்கள் ஒவ்வொருவராக எங்கள் வீட்டுப் பின்கதவைத் தட்டத் தொடங்கினார்கள். "எங்கள் மிஸ் பாக்கியம் குற்றாலத்தில் படித்தவர்" என்று மிஸஸ் பெல் பெருமையாக அறிமுகம் செய்வாள். அவளுக்கு அது ஆக்ஸ்போர்டு மாதிரி ஒரு பெயர். ஓய்வு நாட்களில் கோழி இறகோடு ஆறு வீடு ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் படுத்துப் பார்த்தேன். வண்டி எங்கள் தெருவுக்கு வரவேயில்லை.

இப்போது என் படிப்பு முடிந்துவிட்டது. சான்றிதழ் கையில் இருக்கிறது. இங்கேயே பிரசவ வார்டில் வேலை தருவதாக மேட்ரன் சொல்கிறார். மாத முடிவுக்குள் பதில் வேண்டும். மிஸஸ் பெல் மாடியறையின் சுவருக்குக் காகிதம் ஒட்டாமல், நான் சொன்னபடி சுண்ணாம்பு அடித்துவிட்டாள். "அந்தக் கட்டில் உங்களுடையது. வேறு யாருக்கும் விடமாட்டேன்" என்கிறாள். நேற்று அக்காளின் கடிதம் வந்தது. சாரல் தொடங்கிவிட்டது, கூட்டம் நெரிகிறது, கட்டில் பற்றவில்லை என்று எழுதிவிட்டு, கீழே எழுதியிருந்தாள்: "ஒன் கட்டிலை மட்டும் இந்தத் தடவையும் வாடகைக்கு விடல. ரெண்டு வெந்நியும் ஊத்தியாச்சு. நானே படுத்துப் பாத்தேன். ஒண்ணும் கடிக்கல."

எப்போது வருகிறாய் என்று அவள் கேட்கவில்லை. கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மிஸஸ் பெல் எனக்கென்று வைத்திருக்கிற கட்டிலில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உலகத்தில் எனக்கு இரண்டு கட்டில்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரு பூச்சி கிடையாது. அதற்கு நான் ஜாமீன். எதில் படுத்தாலும் மற்றது காலியாகக் கிடக்கும்.